ஓட்டு டில்லி போகும் வழி

"மேல்சபைத் தேர்தலா? அது பெரிய இடத்து விவகாரம். பாடுபடும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?"

கடலூர் முதுநகரிலே மூட்டை சுமக்கும் தோழர் இப்படிக் கேட்கிறார். சிதம்பரம் கீழவீதியிலே சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோத் தோழரும் கேட்கிறார். கேட்பதிலே வியப்பில்லை. அந்தத் தேர்தலுக்கு ஊரிலே வாக்குச்சாவடி இல்லை. விரலிலே மை இல்லை. வீதியிலே கொடி இல்லை. பத்திரிகையிலே ஆறு படங்கள் வருகின்றன; அத்தோடு முடிந்தது என்று எண்ணுகிறோம்.

ஆனால் தோழர்களே, அந்த ஆறு பேரையும் டில்லிக்கு அனுப்பியது யார்? நாம்தான்! நாம் போட்ட ஓட்டுத்தான், சட்டமன்றத்தோடு நின்றுவிடாமல், இரண்டாவது பயணம் புறப்பட்டு மாநிலங்களவை வரை போகிறது. அந்த வழியை அறிந்துகொள்ள வேண்டாமா?

மாநிலங்களவையின் இடங்கள் 245. அதிலே 12 பேர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர்கள். மற்ற 233 இடங்களில் தமிழகத்தின் பங்கு 18. பதவிக்காலம் ஆறாண்டு; ஆறு ஆறு பேராக விலகுவர், ஆறு ஆறு பேராகப் புதியவர் செல்வர். மக்களவையைக் கலைக்கலாம், இந்தச் சபையைக் கலைக்க முடியாது.

தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் மதிப்பு 100 என்று வைத்திருக்கிறார்கள். 234 பேர் என்றால் 23,400. நிரப்பவேண்டிய இடம் ஆறு. அதோடு ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்து, வந்த ஈவோடு மீண்டும் ஒன்றைக் கூட்டினால் 3,343. இதை எட்டியவர் வென்றவர். ஏன் இந்தச் சுற்றுக் கணக்கு? ஏழு பேர் இந்த அளவை எட்டவேண்டுமானால் 23,401 வேண்டும், இருப்பதோ 23,400! ஆக, ஆறு பேருக்குமேல் எட்டவே முடியாது. கணக்கிலே எவ்வளவு நேர்மை பாருங்கள்!

ஓட்டுச்சீட்டிலே உறுப்பினர் 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். காட்டுமன்னார்கோயில் களத்திலே நெல் அளப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மரக்கால் நிரம்பிவிட்டால் மிகுந்த நெல்லைத் தரையிலே கொட்டுவதில்லை. அடுத்த மரக்காலுக்குத் தள்ளுகிறோம். அதுபோல, வென்றவரின் மிகுதி ஓட்டு அடுத்த விருப்பத்திற்குரியவருக்குப் போய்ச் சேருகிறது. கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டால் அவர் ஓட்டும் அப்படியே மாறுகிறது.

நடந்ததைப் பார்ப்போம். கடலூர் மாவட்டத்திலே ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். 2021 தேர்தலில் ஏழு தி.மு.க. அணிக்கு, புவனகிரியும் சிதம்பரமும் அ.தி.மு.க.வுக்கு. கடலூர் ஒரு பக்கம், சிதம்பரம் மறு பக்கம்! தமிழகம் முழுவதிலும் 159க்கு 75. ஒரு மேல்சபை இடத்துக்கு 34 உறுப்பினர் தேவை. 159இல் நான்கு முறை 34 அடங்கும். 75இல் இரண்டு முறை அடங்கும். இடையே கூட்டணிகள் உடைந்தன, சேர்ந்தன. ஆனால் 2025 ஜூனிலே நான்குக்கு இரண்டு என்றுதான் முடிவு வந்தது. ஒரு பக்கம் வில்சன், சல்மா, சிவலிங்கம், கமல்ஹாசன்; மறு பக்கம் இன்பதுரை, தனபால். ஆறு இடத்துக்கு ஆறே பேர்; போட்டியே இல்லை!

கடலூரின் ஓட்டும் வீணாகவில்லை, சிதம்பரத்தின் ஓட்டும் வீணாகவில்லை. வென்றவர் அனைத்தையும் அள்ளிக்கொண்டு போகும் முறையாக இருந்திருந்தால் 75 பேரின் குரல் மேல்சபை வாசலையே கண்டிராது. இந்த முறையின் சிறப்பு இது.

குறை இல்லையா? உண்டு. எத்தனை பேர் என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள். எவர் என்பதைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவிலும் 1913 வரை மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. விலைபேசல் புகார்கள் பெருகவே, தேர்வு மக்கள் கைக்கு மாறியது. இங்கே 2012இல் ஜார்க்கண்டிலே இரண்டு கோடி ரூபாய்க்குமேல் பிடிபட்டு, மேல்சபைத் தேர்தலே ரத்தாயிற்று. போட்ட சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டவேண்டும் என்று 2003 முதல் சட்டம் இருந்தும் அந்த நிலை!

எவரை அனுப்புகிறோம் என்பது அவ்வளவு முக்கியமா? சிதம்பரத்தைக் கேளுங்கள், சொல்லும். 1962இல் காஞ்சியிலே தோற்றார் அண்ணா. வென்று வந்த ஐம்பது உறுப்பினர்கள் அவரை மேல்சபைக்கு அனுப்பினர். 1963இல் ஆட்சிமொழி மசோதா வந்தபோது, ஆங்கிலம் 'நீடிக்கலாம்' என்றிருப்பதை 'நீடிக்கும்' என்று மாற்றுங்கள் என வாதாடினார். ஒரே ஒரு சொல்! டில்லி செவிசாய்க்கவில்லை. 1965 ஜனவரி 27இல் சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அதன் பிறகல்லவா, இந்தி பேசாத மாநிலச் சட்டமன்றங்கள் இசையும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உறுதி தந்தது!

அது மொழிக்கு. வயிற்றுக்கு? 2020 செப்டம்பர் 23 அன்று மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதே சபையிலே, எதிர்க்கட்சிகள் வெளியேறி நின்ற வேளையிலே, நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை அமலுக்கு வந்தன. அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் ஆகுமுன் எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தம் கூடாது. 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையிலே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத் தோழரே, கடலூர் சிப்காட் தோழரே, இதுவா பெரிய இடத்து விவகாரம்? நம் அடுப்படி விவகாரம் அல்லவா!

ஆகவே, சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும்போதே மேல்சபையையும் நினையுங்கள். கிளைக் கூட்டத்திலே கேளுங்கள்: அடுத்த ஆறு பேரிலே ஆலையை அறிந்தவர் எத்தனை? வயலை அறிந்தவர் எத்தனை? சபையிலே வாய் திறக்கும் வல்லவர் எத்தனை? கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மரக்காலை நிரப்பும் நெல் நம்முடையது!