கணிப்பொறியின் பிணி

உறுப்புக்களை வாங்கி இல்லத்திலேயே பூட்டிய புதிய கணிப்பொறி, சிற்சில வேளைகளில் காரணம் புலப்படாமல் நின்றுவிடுவதுண்டு. இதனைப் பொருட்படுத்தாது விடலாகாது. நினைவகம் பழுதுற்றிருப்பின், நாம் சேமிக்கும் எழுத்தும் படமும் நமக்குத் தெரியாமலே சிதைந்துவிடக்கூடும். எல்லா உறுப்புக்களையும் ஒருங்கே மாற்றுதலும் தவறு. பிணி நீங்கினும் அதன் காரணம் விளங்காது. ஆதலின் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும்.

முதற்கண் ஒரு நினைவகப் பலகையை மட்டும் பொருத்தி, இரவு முழுவதும் சோதனை நிரலை ஓட்டுக. பிழை தோன்றின், அப்பலகையை வேறொரு செருகுவாயில் இட்டு மீண்டும் சோதிக்க. பிழை தொடரின் பெரும்பாலும் பலகையே குற்றமுடையது; நீங்கின் பழைய செருகுவாயை ஐயுறுக. பிழையே தோன்றாதாயின், ஏனைய பலகைகளையும் அவ்வாறே சோதித்தபின், செயலியின் வெப்பத்தையும் மின்வழங்கியையும் ஆராய்க. ஒன்றொன்றாய் ஆராயும் பொறுமையே பழுது நீக்குவோர்க்கு முதற்கருவியாகும்.