மோட்டார் கிடையாது, கைதான் எந்திரம்!
நெம்புகோல் காப்பி வீட்டுக்கு லாயக்கா?

கையால் இழுத்து காப்பி போடுகிற எந்திரம் இருக்கிறது என்றால், பெரணமல்லூரில் யாரும் மூக்கின் மேல் விரல் வைக்க மாட்டார்கள்.

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவு ஊர் அது. கயிற்றை இழுக்கிற கை, மிதியை அழுத்துகிற கால், இரண்டில் ஒன்று பிசகினாலும் புடவை காட்டிக் கொடுத்துவிடும் என்பது நெசவாளிக்குத் தெரியும். இந்த எந்திரமும் அதே ஜாதிதான்!

கல்யாண வீட்டு 'எக்ஸ்பிரஸோ'

கல்யாண மண்டபத்தில் 'புஸ்... புஸ்' என்று நீராவி அடித்து, நுரை பொங்கத் தருகிறார்களே, அதைத்தான் நம் ஊரில் 'எக்ஸ்பிரஸோ' என்கிறோம். அங்கே நீராவி செய்வது பாலைப் பொங்க வைக்கும் வேலை.

இத்தாலி நாட்டு எஸ்பிரஸோ வேறு. பொடிக்குள் வெந்நீரை அழுத்தி, அரை நிமிடத்தில் டிகாஷன் இறக்குவது.

முதலில் அங்கேயும் நீராவியின் பலத்தை நம்பித்தான் காப்பி இறக்கினார்கள். காப்பியில் தீய்ந்த வாடை அடித்தது. மிலான் நகரைச் சேர்ந்த அக்கிலே காஜ்ஜா 1938-ல் புது முறைக்குக் காப்புரிமை கேட்டார். போர் முடிந்தபின், 1948-ல், நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்த எந்திரம் கடைக்கு வந்தது. காப்பியின் மேல் பொன்னிற நுரை கட்டியது.

வீட்டு மேஜையில் வைக்கிற அளவில் லா பவோனி கம்பெனி 1961-ல் ஒன்றைக் கொண்டுவந்தது.

130 பவுண்டு!

கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்த எந்திரத்துக்குள் உண்டாகும் அழுத்தம் சுமார் 130 பவுண்டு! அத்தனையும் ஒரு கைப்பிடியில்.

சில ரகங்களில் தண்ணீர் சூடாக மட்டும் கரண்டு வேண்டும். சிலவற்றில் அதுவும் வேண்டாம். அடுப்பில் கொதித்த தண்ணீரை ஊற்றி இழுக்க வேண்டியதுதான். கரண்டு போன காலையிலும் காப்பி உண்டு!

சுமார் 16 கிராம் பொடி. 30 வினாடி. இறங்குவது சுமார் 32 கிராம் டிகாஷன், அவ்வளவுதான். பொடியைச் சமமாக அழுத்தாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். காப்பி சப்பென்று போகும். கை பழகப் பழகத்தான் ருசி. வைத்திருப்பவர்களுக்கு அதுதான் மயக்கம்: இன்றைக்கு நேற்றைவிட நன்றாக வந்ததே என்கிற சந்தோஷம்!

உஷார்!

ஸ்பிரிங் வைத்த ரகத்தில் பொடி போடாமல் இழுத்து, கையை விட்டால் போச்சு. தடுக்க ஒன்றும் இல்லாததால் கைப்பிடி விருட்டென்று மேலே பாயும். தாடை பெயர்ந்துவிடும்! அழுத்தம் இறங்குமுன் பொடிக் கிண்ணத்தைக் கழற்றினாலும் ஆபத்து. கொதிக்கிற சக்கை முகத்தில் தெறிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

செலவும் லேசு இல்லை. சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தையும் தாண்டுகிறது விலை. கூடவே நைசாக அரைக்கிற மிஷின் வேண்டும். பில்டருக்கு அரைத்த பொடி இதற்கு ஆகாது. தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சிக்கரியும் வேண்டாம். ஏற்காட்டுக் கொட்டையோ சிக்மகளூர்க் கொட்டையோ, வறுத்து அதிக நாள் ஆகாததாக வாங்கி அவ்வப்போது அரைத்தால்தான் நுரை கட்டும்.

ஆறு பேர் இருக்கிற வீட்டில், ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகும்போது, ஒவ்வொரு கப்பாக இழுத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? வீட்டில் பூகம்பம்தான்!

ஞாயிற்றுக்கிழமை நிதானமாக இழுத்து, நிதானமாகக் குடிப்பவருக்கு இது சரியான தோழன். மற்ற ஆறு நாளுக்கும்? பித்தளை பில்டரைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம்!