தாளத்தின் தடம் – 7: உட்கார்ந்தே ஆடும் தேராதாலி

கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில், நார்த் ஸ்ட்ரீட்டில் இருக்கிற சிங் சபா குருத்வாரா, ஒருகாலத்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் கூடம் இருந்த இடம். பெரும்பாலும் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பதே அவர்களுடைய வழிபாடு. பாட்டு, வாத்தியம் எதுவும் கிடையாது. அந்த மௌனக் கூடத்தின் இடத்தில் இன்று ஹார்மோனியமும் தபலாவும் கீர்த்தனும்.

பார்க்கிங்கிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளினால் ஈஸ்ட் ஹாம். இந்தப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பரதம் பழகும்போது தாளம் இருப்பது நட்டுவாங்கம் செய்பவர் கையில். இரும்பில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று. அது ஒலிக்க, பிள்ளையின் கால் கீழ்ப்படிகிறது. பஜனையிலும் தாளம் பாடுபவர் பக்கம்தான். ஆடுபவரே தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அதற்கு விடை ராஜஸ்தானில் இருக்கிறது. பாலி மாவட்டத்துப் பாதர்லா கிராமம் தேராதாலி என்னும் ஆட்டத்துக்குப் பேர்போனது. ஆடுபவர்கள் காமட் சமூகத்துப் பெண்கள். ராஜஸ்தானின் பட்டியல் சாதிகளில் ஒன்று அது. முகத்தை முக்காட்டால் மறைத்துத் தரையில் அமர்கிறார்கள். வலது காலில், பாதத்திலிருந்து முழங்கால்வரை மஞ்சீரா எனப்படும் சிறு தாளங்கள் ஒன்பது கட்டியிருக்கும். முழங்கைகளுக்கு மேல் இரண்டு. மீதி இரண்டும் நீண்ட கயிற்றில் கையோடு தொங்கும். ஆகப் பதின்மூன்று. கைத்தாளத்தைச் சுழற்றி வீச, அது காலிலும் தோளருகிலும் இருக்கிற தாளங்களில் பட்டு ஒலிக்கிறது. வீச்சு ஒரு இம்மி பிசகினால் ஒலி எழாது. இதற்கிடையே பல்லில் வாளைக் கடித்திருப்பதும், தலையில் குடத்தைத் தாங்குவதும் உண்டு. ஆண்கள் பக்கத்தில் அமர்ந்து தம்பூரா மீட்டி, டோலக் தட்டிப் பாடுகிறார்கள்.

பாட்டுக்குரியவர் பாபா ராம்தேவ். பொக்ரானை அடுத்த ராம்தேவ்ராவில் அவர் சமாதி இருக்கிறது. தீண்டாமைக்கு எதிராக நின்றவர் என்று ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டாடும் நாட்டார் தெய்வம். முஸ்லிம்களுக்கு அவர் ராம்ஷா பீர். பெரும்பாலும் ஆவணியில் வரும் அவர் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்.

மணிப்பூரில் தேராதாலிக்கு நேரெதிர். கர்த்தால் சோலம் என்னும் ஆட்டத்தில் ஆண்கள், வெள்ளைத் தலைப்பாகையும் வேட்டியுமாக, குஞ்சம் தொங்கும் பெரிய தாளங்களை ஏந்தி நின்றும் சுழன்றும் ஆடுகிறார்கள். அது சேர்ந்த சங்கீர்த்தன மரபை யுனெஸ்கோ 2013-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ராஜஸ்தானின் கால்பேலியா ஆட்டம் 2010-இலேயே இடம்பிடித்துவிட்டது. தேராதாலிக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை.

ஆட்டத்துக்கு இடம் வேண்டும், நிற்கக் கால் வேண்டும் என்பதையெல்லாம் தேராதாலிப் பெண்கள் பொய்யாக்கிவிட்டார்கள். லயம் உடம்பில் இருந்தால், ஒரு பாய் அளவு தரை போதும். பார்க்கிங்கிலோ பரமக்குடியிலோ பிள்ளையை நடன வகுப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சலங்கை வாங்கும்போதே ஒரு ஜோடித் தாளமும் வாங்கிக் கொடுங்கள். அடவைப் பிறர் தாளத்துக்கு மட்டும் ஆடாமல், தானே தட்டியும் பழகட்டும்.

(தொடரும்)