மரபணுத் திருத்தத்தில் வெட்டின் திறன்

சம்பா மசூரி நெல்லின் அருமையை நமது மிராசுதாரர்கள் நன்கு அறிவர். பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய அந்நெல்லினின்று, மரபணுத் திருத்தம் என்னும் முறையால் 'கமலா' என்ற புதிய ரகத்தை ஐதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்டாக்கினர். 2025-ம் ஆண்டு மே மாதத்தில் அது அறிவிக்கப்பட்டது. கதிரில் மணிகள் பெருகுவதைத் தடுக்கும் ஒரு மரபணுவை வெட்டிச் செயலறச் செய்ததே இதன் சாரம். அரிசியின் குணம் கெடாமல் மகசூலைக் கூட்டுவதே நோக்கம். ஆனால் இத்தகைய வெட்டு எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் பலிப்பதில்லை. அதன் காரணங்களை அறிதல், இனி வரும் ரகங்களைச் சீர்தூக்கிப் பார்க்க உதவும்.

இம்முறையில் பெரிதும் கையாளப்படும் கருவி 'காஸ் 9' என்னும் புரதம். வெட்ட வேண்டிய இடத்தை அதற்குக் காட்டுவது 'வழிகாட்டி ஆர்.என்.ஏ.' ஆகும். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துக்களாலான நீண்ட சாசனம் போன்றது. வழிகாட்டியிலுள்ள 20 எழுத்துக்கள் அச்சாசனத்தில் தமக்கு இணையான இடத்தைத் தேடிப் பற்றுகின்றன.

வெட்டின் திறனை நிர்ணயிப்பவற்றுள் முதலாவது எல்லைக்கல் போன்றதோர் அடையாளம். இலக்கையடுத்து ஏதேனும் ஓர் எழுத்தும், அதன்பின் இரண்டு 'ஜி' எழுத்துக்களும் இருந்தாலன்றிக் காஸ் 9 வெட்டுவது அரிது. அக்கல்லுக்கு அண்மையிலுள்ள பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கள் பொருந்தாவிடில் வெட்டு பெரும்பாலும் தவறும். தொலைவிலுள்ள பிழையைக் கருவி சில வேளை பொறுத்துக் கொள்ளும். ஆகையால் ஒப்பான வேறிடத்தில் வெட்டு விழுதலும் உண்டு.

இரண்டாவது, வழிகாட்டியின் அமைப்பு. ஜி, சி இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 40 முதல் 60 வரை உள்ளவை சாதாரணமாக நன்கு வேலை செய்கின்றன. வழிகாட்டி தன்மேல் தானே மடிந்து கொண்டால் இலக்கைப் பற்றாது.

மூன்றாவது, இலக்கின் நிலை. டி.என்.ஏ. புரத உருண்டைகளின்மேல் இறுகச் சுற்றியிருக்குமிடத்தில் கருவி எளிதில் நுழையாது. தளர்ந்திருக்குமிடத்தில் வெட்டு எளிது.

நான்காவது, கருவியும் வழிகாட்டியும் உயிரணுவில் போதிய அளவு உண்டாதல். அவற்றை உண்டாக்கத் தூண்டும் பகுதிகள் அந்தந்தப் பயிருக்கு இசைந்தவையாயிருத்தல் அவசியம்.

ஐந்தாவது, வெப்பம். அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் நடந்த சோதனையொன்று 2018-ல் வெளியாயிற்று. 22 டிகிரியில் மட்டும் வளர்ந்தவற்றைவிட, இடையிடையே 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைக்கப்பட்ட செடிகளில் வெட்டு மிகுந்திருந்தது.

வெட்டு விழுந்த அளவில் காரியம் முடிந்துவிடாது. உயிரணு அதனைத் தானே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது எழுத்துக்கள் கூடினாலோ குறைந்தாலோதான் மரபணு செயலறக்கூடும். பிழையின்றி ஒட்டினால் பழைய நெல்லே மிஞ்சும். ஆகவே பல செடிகளை வளர்த்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்து, வெட்டு உரிய இடத்தில் மட்டும் நிகழ்ந்ததையும், கருவியின் மரபணு விலகியதையும் உறுதி செய்தல் வேண்டும். அந்நிய டி.என்.ஏ. இல்லாத இவ்வகைச் செடிகளுக்கு மட்டுமே, 2022 மார்ச்சில் இந்திய அரசாங்கம் சில விதிகளினின்று விலக்களித்தது.

வெட்டின் திறன், ஆராய்ச்சிசாலையில் எத்தனை செடிகளைச் சோதிக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்குமேயன்றி, வயலின் மகசூலை நிர்ணயிப்பதில்லை. ஆதலின் புதிய ரகம் கைக்கு வரும்போது, அது சான்று பெற்ற விதைதானா என விசாரித்தறிக. பழைய ரகத்துக்கு அருகில் ஒரு சிறு பாத்தியில், ஒரே அளவு எருவும் நீரும் கொடுத்துப் பயிரிட்டு, இரண்டின் மகசூலையும் நிறுத்துப் பார்த்த பின்னரே பரப்பைப் பெருக்குதல் நலம்.