பிரித்த பொம்மையை ஒட்டி 'பிரிக்காதது' என்று விற்கும் கில்லாடிகள்: அமெரிக்க பழைய பொம்மை சந்தையில் நடப்பது என்ன?

கடையில் சுமார் 2 டாலருக்கு விற்ற கையடக்க பொம்மை. 40 வருடத்துக்கு மேல் அட்டையை விட்டு பிரிக்காமல் இருந்தால், சில பொம்மைகளுக்கு இன்றைக்கு விலை ஆயிரக்கணக்கான டாலர். அதே பொம்மையை பிரித்து விளையாடி இருந்தால், பெரும்பாலானவை 10, 20 டாலருக்கே போகும்.

இந்த வித்தியாசத்தை வைத்து அமெரிக்கா, இங்கிலாந்து நாடுகளில் பழைய பொம்மை சேகரிப்பவர்களிடம் ஒரு தில்லுமுல்லு பல வருடமாக நடந்து வருகிறது. பிரித்த பாக்கெட்டை பசை போட்டு ஒட்டி, 'கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது' என்று விற்பதுதான் அது.

காலி பாட்டிலில் குழாய் தண்ணீர் பிடித்து சீல் வைத்து விற்பவர்கள் நம்ம ஊரில் பிடிபடுவது உண்டு. கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் இந்த பொம்மை விஷயத்தில், உள்ளே இருக்கும் சரக்கு அசலாகவே இருந்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1977-ம் ஆண்டு மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' படம் அமெரிக்காவில் வெளியானது. அந்த படத்தின் பொம்மைகளை செய்யும் உரிமையை ஒகையோ மாநிலம் சின்சினாட்டி நகரில் இருந்த கென்னர் என்ற கம்பெனி வாங்கி இருந்தது. படம் சக்கைப்போடு போட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கியும் பொம்மை தயாராகவில்லை.

கென்னர் என்ன செய்தது தெரியுமா? பொம்மையே இல்லாமல் வெறும் அட்டை உறையை விற்றது. உள்ளே ஒரு சீட்டு, ஸ்டிக்கர், பொம்மைகளை நிறுத்தி வைக்க ஒரு அட்டை. சீட்டை பூர்த்தி செய்து தபாலில் போட்டால், 1978-ல் 4 பொம்மைகள் வீடு தேடி வரும். காசு கொடுத்து காலி உறையை வாங்கி பிள்ளைகளுக்கு பரிசாக கொடுத்தார்கள் பெற்றோர்கள்.

1978-ல் 12 பொம்மைகள் கடைக்கு வந்தன. பெரும்பாலானவை சுமார் மூன்றே முக்கால் அங்குல உயரம். அட்டையின் பின்பக்கத்தில் அந்த 12 பொம்மைகளின் படமும் இருக்கும். இன்றைக்கும் சேகரிப்பவர்கள் அட்டையை திருப்பி பின்னால் உள்ள படங்களைத்தான் முதலில் எண்ணுவார்கள். 12 இருந்தால் ஆரம்ப கால சரக்கு. படம் அதிகமாக இருந்தால் பிறகு வந்தது.

பிள்ளைகள் வாங்கிய கையோடு அட்டையை கிழித்து குப்பையில் போட்டார்கள். பொம்மை செய்ததே அதற்குத்தானே! அதனால் கிழிக்காத அட்டை அபூர்வமாகி விட்டது. 2015-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், இப்படி அட்டையோடு இருந்த லூக் ஸ்கைவாக்கர் பொம்மை ஒன்று 25 ஆயிரம் டாலருக்கு போனது. அன்றைய மதிப்பில் ரூ.16 லட்சத்துக்கும் மேல்.

மாத்திரை அட்டை மாதிரி

இந்த பாக்கெட்டை கற்பனை செய்வது கஷ்டம் இல்லை. மாத்திரை அட்டையில் மாத்திரைக்கு மேல் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும் அல்லவா, அதுபோல பொம்மைக்கு மேல் ஒரு பெரிய குமிழ். கீழே வண்ணப்படம் அச்சிட்ட தடித்த அட்டை.

அட்டையின் மேல் சூட்டில் இளகும் ஒரு பூச்சு இருக்கும். குமிழின் விளிம்பை அதன் மேல் வைத்து, சூடான அச்சால் மெஷின் அழுத்தும். பூச்சு இளகி பிளாஸ்டிக்கும் அட்டையும் ஒன்றாக பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு இழுத்தால் குமிழ் மட்டும் தனியாக வராது. அட்டையின் மேல்தாளையும் உரித்துக்கொண்டு வரும்.

இதுதான் முக்கியம். முதல் முறை பிரிக்கும்போது கிழிந்த காகித நாரை எந்த பசையாலும் பழையபடி சேர்க்க முடியாது. ஒட்டலாம், மறைக்கலாம், பெயிண்ட் தடவலாம். அவ்வளவுதான்.

ஆனாலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சூடு காட்டி, மெல்லிய பிளேடு விட்டு குமிழை கொஞ்சம் கொஞ்சமாக தூக்குவார்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்து ஒட்டுவார்கள். குமிழ் உடைந்து போனால் கவலையே இல்லை, புதிதாக செய்த குமிழ் தனியாக விலைக்கு கிடைக்கிறது.

துணி அங்கியா, பிளாஸ்டிக் அங்கியா?

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஜாவா என்ற குட்டி பொம்மையின் கதையை கேட்டால் புரியும்.

முதல் 12 பொம்மைகளில் ஜாவாவும் ஒன்று. மற்றவற்றை விட ரொம்ப குள்ளம். ஆரம்பத்தில் அதற்கு பிளாஸ்டிக் தாளில் செய்த அங்கி போட்டிருந்தார்கள். அதே விலைக்கு இவ்வளவு சின்ன பொம்மை, அதுவும் பிளாஸ்டிக் அங்கியோடு என்றால் மட்டமாக தெரியும் என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றி விட்டார்கள். அதனால் துணி அங்கி ஜாவா சாதாரணமாக கிடைக்கும். பிளாஸ்டிக் அங்கி ஜாவா, அதுவும் அட்டையோடு என்றால் பல ஆயிரம் டாலர்.

கில்லாடிகளுக்கு இது போதாதா? ஓபி-வான் கெனோபி என்ற இன்னொரு பொம்மையின் பிளாஸ்டிக் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு போட்டுப்பார்த்தார்கள். பிறகு அச்சு அசலாக போலி அங்கியே செய்தார்கள். வெளியில் இருந்தால் தொட்டுப்பார்த்து கண்டுபிடித்து விடலாம். குமிழுக்குள் போட்டு ஒட்டிவிட்டால் யார் தொட முடியும்?

துப்பாக்கி சமாசாரமும் இப்படித்தான். பொம்மையோடு வந்த குட்டி துப்பாக்கிகள் எளிதில் தொலைந்துவிடும் என்பதால் போலிகள் ஏராளம். அசல் தண்ணீரில் மிதக்கும், போலி மூழ்கும் என்று ஒரு பழைய சோதனை உண்டு. அதை முழுசாக நம்ப முடியாது என்றாலும் பலரும் செய்து பார்ப்பார்கள். அட்டையில் ஒட்டிய துப்பாக்கியை எந்த தண்ணீரில் போடுவது?

ஆக, வாங்குபவர் அந்த ஆயிரக்கணக்கான டாலரை பொம்மைக்கு மட்டும் கொடுப்பதில்லை. 'உள்ளே யாரும் கை வைக்கவில்லை' என்பதற்கு அந்த ஒட்டுதான் சாட்சி. அந்த சாட்சிக்கும் சேர்த்துதான் பணம்.

கள்ளநோட்டு விளக்கு

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் குமிழின் விளிம்பை பார்க்க வேண்டும். மெஷின் அழுத்திய விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். கையால் ஒட்டியதில் எங்காவது பசை திட்டு, காற்றுக்குமிழி, வெள்ளையாக தெரியும் காகித கிழிசல் காட்டிக்கொடுத்து விடும். பெவிக்விக் மாதிரி உடனே ஒட்டும் பசை என்றால், அதன் ஆவி பட்டு பக்கத்து பிளாஸ்டிக்கில் பனி படர்ந்தது போல வெண்மை படியும். டபுள் டேப் என்றால் அதன் நேரான ஓரம் பிளாஸ்டிக் வழியாகவே தெரியும்.

அடுத்தது கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. இந்த காலத்து பசைகள் பலவும், வெளுப்பு ரசாயனம் சேர்த்த புது காகிதமும் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். 1978-ம் ஆண்டு அட்டையில் குமிழின் ஓரம் மட்டும் பளிச்சிட்டால் சந்தேகம்தான். ஆனால் வெளுப்பு ரசாயனம் 1950-களிலேயே காகித தொழிலுக்கு வந்துவிட்டது. அதனால் மின்னியது எல்லாம் போலி என்று முடிவு கட்டவும் கூடாது.

அட்டையே போலியா என்று பார்க்க பூதக்கண்ணாடி போதும். ஆப்செட்டில் அச்சடித்த படத்தில் வண்ணப்புள்ளிகள் சின்னச்சின்ன பூப்போல ஒழுங்காக இருக்கும். வீட்டில் மாட்டியிருக்கும் சிவகாசி காலண்டரை பூதக்கண்ணாடியில் பார்த்தாலே இது தெரியும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது என்றால் புள்ளிகள் மணல் தூவியது போல சிதறிக்கிடக்கும்.

பழுப்பேறிய பழைய அட்டையில் கண்ணாடி போல பளபளக்கும் குமிழ், பழைய குமிழ் இருந்த தடத்தோடு பொருந்தாத புது குமிழ், இதெல்லாம் பழகிய கண்ணுக்கு உடனே படும். ஆனால் ஆன்லைனில் வாங்குபவர் பார்ப்பது போட்டோவை மட்டும்தானே. நேராக முன்பக்கத்தை மட்டும் படம் போட்டிருந்தால், விளிம்பை சாய்த்து பக்கவாட்டில் எடுத்த படம் கேட்பது வழக்கம். தர மறுத்தால் விவரம் தெரிந்தவர்கள் அந்த பக்கமே போகமாட்டார்கள்.

பெரிய விலை என்றால் சோதனை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் ஏ.எப்.ஏ. என்ற நிறுவனம் அட்டை, குமிழ், பொம்மை மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து தரும்.

ஒளிக்காமல் ஒட்டுபவர்கள்

ஒட்டுபவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல. சின்ன வயதில் விளையாடிய பொம்மை கையில் இருக்கும். எங்கோ ஒரு கிழிந்த அட்டை கிடைக்கும். புது குமிழ் வாங்கி ஒட்டி, கடையில் பார்த்த மாதிரியே அலமாரியில் வைத்து ரசிப்பார்கள். பிரிக்காததை வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இது கட்டுப்படியாகும். இப்படி செய்பவர்களில் நியாயமானவர்கள் பின்னால் சுலபமாக கழற்றும்படி ஒட்டுவார்கள், 'மறுபடி ஒட்டியது' என்று ஒரு குறிப்பும் வைப்பார்கள். அதை சொல்லியே விற்பவர்களும் உண்டு. பொம்மைக்கும் அட்டைக்கும் தனித்தனியாக என்ன விலையோ, ஏறக்குறைய அது கிடைக்கும்.

சிக்கல் அடுத்த கையில் ஆரம்பிக்கிறது. குறிப்பை கிழித்து போட்டுவிட்டு மூன்றாவது ஆள் 'பிரிக்காதது' என்று விற்றால், முதலில் ஒட்டியவரின் திறமையே ஏமாற்றுக்கு உதவியாகி விடும். இதனால்தான் குமிழ் செய்பவர்கள் தங்கள் முத்திரையை அழியாமல் பதிக்க வேண்டும் என்று சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள்.

தானாக கழன்றால்?

பாவப்பட்டவர்கள் இன்னொரு ரகம். பொம்மையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பரணில் வெயிலும் ஈரமும் மாறி மாறி பட்டு பழைய பூச்சு வலுவிழந்து, குமிழ் ஒரு ஓரத்தில் தானாகவே தூக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடு ஒரு சொட்டு பசை விட்டு அமுக்கி விடுவார்.

அந்த ஒரு சொட்டு போதும். உள்ளே எதையும் மாற்றவில்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும் நிரூபிக்க முடியாது. சந்தையில் அதுவும் மறுபடி ஒட்டியதாகத்தான் போகும். தூக்கிய குமிழை அப்படியே விட்டிருந்தால் விலை ஓரளவு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் அங்கே அனுபவசாலிகள் பசை பாட்டிலை பக்கத்திலேயே வைப்பதில்லை. குமிழும் அட்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை கடையில் கிடைக்கிறது. அதில் நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் மூடி வைத்து விடுகிறார்கள். விற்கும்போது 'கீழ் ஓரம் தானாக தூக்கி இருக்கிறது' என்று போட்டோவோடு எழுதி விடுகிறார்கள்.