தொலைபேசிக் கம்பியும் மின்கம்பியும் ஒரே குழாயில் வேண்டாம்

பத்துமலை, செலாயாங், கோம்பாக் வட்டாரத் தாமான்களில் உள்ள பழைய வரிசை வீடுகளில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சமையலறையைப் பின்பக்கம் நீட்டுகிறார்கள், சாமி அறைக்கு விளக்கு இழுக்கிறார்கள், மேல்மாடிக்குக் குளிர்சாதனம் வைக்கிறார்கள். அப்போது மின்கம்பிக்காகச் சுவரில் வெட்டிய காடியிலேயே தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துப் பூசிவிடுவதுண்டு. தனிக் காடி வெட்டினால் கூலி கூடும், கம்பியை வெளியே ஓடவிட்டால் சுவர் அழகு கெடும் என்பதே காரணம். ஆனால் அந்தச் சிக்கனம் பின்னர் தொலைபேசி இரைச்சலாகவும், அடிக்கடி அறுந்துபோகும் இணையமாகவும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகவும் திரும்பி வரலாம்.

வீட்டுத் தொலைபேசி குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் இது தேவையா என்று சிலர் கேட்கலாம். தொலைபேசிக் கம்பி இருந்த இடத்தில் இன்று ரூட்டரிலிருந்து மாடிக்குப் போகும் இணையக் கம்பி, கண்காணிப்புக் கேமரா கம்பி, அலாரம் கம்பி, ஆட்டோ கேட் கட்டுப்பாட்டுக் கம்பி ஆகியவை வந்துவிட்டன. இவை எல்லாமே குறைந்த அழுத்தத்தில் இயங்கும் செம்புக் கம்பிகள். தொலைபேசிக் கம்பிக்குள்ள விதியே இவற்றுக்கும் பொருந்தும்.

இரைச்சல் எப்படி வருகிறது?

மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுகிறது. இதனால் மின்கம்பியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் உண்டாகின்றன. பக்கத்திலேயே இன்னொரு கம்பி இணையாக ஓடினால், தொடாமலேயே அதில் சிறிதளவு மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டும் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நீளத்துக்குச் சேர்ந்து ஓடுகின்றனவோ அந்த அளவுக்குத் தொல்லை கூடும்.

தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் நேராகக் காதில் விழுவது குறைவு. குழல் விளக்கு, விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், மலிவான சார்ஜர் போன்றவை அதன் உயர் மடங்கு அலைகளைக் கிளப்பும்போதுதான் ‘ஹ்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்கிறது.

இந்தத் தொல்லை புதிதல்ல. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். முறுக்கிய கம்பிகள் இரண்டிலும் தொல்லை ஏறக்குறையச் சம அளவில் ஏறுவதால், மறுமுனையில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். இன்றைய இணையக் கம்பிகளும் இப்படி முறுக்கப்பட்டவைதான். ஆனால் சுவர்ச் சாக்கெட்டிலிருந்து தொலைபேசிக்குப் போகும் தட்டையான கம்பியில் பொதுவாக இந்த முறுக்கு இருக்காது. அந்தத் தட்டைக் கம்பியை நீளமாக இழுத்து, மின் எக்ஸ்டென்ஷன் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைப்பது மிக மோசமான பழக்கம்.

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வரும் வீடுகளில் இந்தப் பாதிப்பு காதில் கேட்காது. வேகம் குறையும், மோடம் அடிக்கடி தொடர்பை இழந்து மீண்டும் இணையும். 2010-இல் அறிமுகமான யூனிஃபை போன்ற கண்ணாடி இழைச் சேவைகளில் தகவல் ஒளியாகச் செல்வதால் இழைக்குள் இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் ரூட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் கம்பி பெரும்பாலும் செம்புதான். தெருவிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் சில வகை இழைக் கம்பிகளிலும் இழு சுமையைத் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கும். அந்த உலோகத்தையும் மின்கம்பியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து

தொலைபேசிக் கம்பியின் உறை, 48 வோல்ட் அளவிலான தொலைபேசி மின்னழுத்தத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 230 வோல்ட் மின்கம்பிக்குத் தேவையான காப்பு அதில் இல்லை. படம் மாட்ட அடித்த ஆணி இரண்டு கம்பிகளையும் துளைக்கலாம். கூரைக்கு அடியில் எலி கடிக்கலாம். வாட்டர் ஹீட்டர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களின் கம்பி சூடேறிப் பக்கத்துக் கம்பியின் உறை இளகலாம்.

அப்போது 230 வோல்ட் மின்சாரம் தொலைபேசிக் கம்பியில் ஏறிவிடும். பிரேக்கர் உடனே விழும் என்று நம்பியிருக்க முடியாது. தொலைபேசியைத் தொடுபவருக்கு மட்டுமல்ல, தெருக் கம்பத்தில் ஏறி இணைப்பைச் சரிசெய்யும் பணியாளருக்கும் அது ஆபத்து.

இடி மின்னலும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. மின்னல் அருகில் விழும்போது மின்கம்பியில் பாயும் திடீர் அழுத்தம், ஒட்டி ஓடும் தொலைபேசிக் கம்பியிலும் தூண்டப்படும். மோடம் இந்த இரண்டோடும் இணைந்திருப்பதால் முதலில் கருகுவது பெரும்பாலும் அதுதான். வானம் இருட்டியதுமே மின் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுவது நல்லது. மின்னல் தொடங்கிய பிறகு கழற்றப் போகக்கூடாது.

எப்படி இழுக்க வேண்டும்?

இரண்டு கம்பிகளுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனிச் சாக்கெட் பெட்டி வேண்டும். எல்லாக் கம்பிகளுக்கும் உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்ற காப்பு இருந்தாலோ, இடையில் தடுப்பு இருந்தாலோ தவிர, இரண்டையும் ஒரே குழாயில் விடுவதை மின்நிறுவலுக்கான சர்வதேசத் தர விதிகள் ஏற்பதில்லை. குழாய் இல்லாமல் சுவரோரமாக இணையாக ஓடும்போது, பிரிட்டிஷ் தர விதி குறைந்தது 50 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறது. அது ஏறக்குறைய மூன்று விரல் அகலம். இடம் இருந்தால் இன்னும் தள்ளிவைப்பது நல்லது. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் சாய்வாகப் போகாமல் கூட்டல் குறி போல நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

ஏற்கெனவே இரைச்சல் இருந்தால், வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் சாக்கெட்டில் தொலைபேசியை நேராகச் செருகிக் கேளுங்கள். அங்கே தெளிவாக இருந்தால், கோளாறு வீட்டுக்குள் ஓடும் கம்பியில் இருக்கிறது. பிறகு விளக்கு, மின்விசிறி, சார்ஜர் என ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

தொலைபேசியையோ மோடத்தையோ தொடும்போது லேசாக ‘சுர்’ என்று இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். சீரமைப்புக் குத்தகையாளரிடம் வேலையை ஒப்படைக்கும் முன்பே, எந்தக் கம்பி எந்தக் காடியில் போகிறது என்று கேட்டுவிடுங்கள். சுவரைப் பூசுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.