பரிசுப் பொருளை நாமே அழகாகச் சுற்றலாம்



சில வருஷத்துக்கு முன்னால் நம்ம குழு உறுப்பினர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்குச் சேர்ந்து பணம் போட்டு ஒரு பரிசு வாங்கினோம். கடையில் சுற்றித் தரத் தனியாகக் காசு கேட்டதால், "அது என்ன பெரிய வித்தையா?" என்று வீட்டிலேயே சுற்றினோம். மேடையில் போட்டோ எடுக்கும்போது அடிப்பக்கம் பிரிந்து அட்டைப்பெட்டி எட்டிப் பார்த்தது. எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், பேன்சி ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

நாங்கள் செய்த முதல் தப்பு, அளக்காமல் வெட்டியது. பெட்டி 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலை அகலவாக்கில் சுற்றிப் பார்த்தால் 60 செ.மீ. வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏற 3 செ.மீ. சேருங்கள். நீளவாக்கில் இரண்டு முனையிலும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது ஏழரை செ.மீ. விட்டால் போதும். ஆக 63-க்கு 45. தாள் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்போம். இல்லவே இல்லை, முனையில் மூட்டை மாதிரி புடைத்துக்கொள்ளும்.

தாளின் பூப்போட்ட பக்கம் தரையில் இருக்கட்டும். பெட்டியைத் தலைகீழாக வையுங்க, அப்போதுதான் ஒட்டு அடியில் போகும். வெட்டிய ஓரத்தை ஒரு விரலளவு உள்ளே மடித்து, இழுத்துப் பிடித்து ஒட்டணும். முனையில் முதலில் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்துங்க. பிறகு ஒரு மடிப்பை இறக்கி, மற்றதை அதன்மேல் ஏற்றி ஒட்டுங்க. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவிவிட்டால் கடையில் சுற்றியது போலவே நிற்கும். இருபக்கமும் ஒட்டும் டேப் வாங்கினால் டேப்பே வெளியே தெரியாது.

குடம், டம்ளர் போன்ற உருண்டையான சாமான்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். சின்னதென்றால் பழைய செருப்புப் பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் செய்தித்தாளைத் திணித்துவிட்டுச் சுற்றுங்க. குடத்துக்கு அடியிலிருந்து தாளைத் தூக்கிக் கழுத்தில் கொசுவி ரிப்பன் கட்டினாலே அழகு.

பளபள ஜிகினாத் தாள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கையில் கசக்கிப் பாருங்க. கசங்கியபடியே நின்றால் காகிதம், தானே விரிந்தால் பிளாஸ்டிக். அது மக்காது, அடுப்பிலும் போடக்கூடாது. எங்களுக்குப் பிடித்தது ரவிக்கைத் துணி. பொருளை நடுவில் வைத்து, எதிரெதிர் முனைகளை முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. வாங்குகிறவர் தைத்தும் போட்டுக்கொள்வார். ஜப்பானில் இப்படித் துணியில் கட்டுவதை ஃபுரோஷிகி என்று ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். மூட்டை கட்ட நமக்கா சொல்லித்தரணும்?

விலை ஸ்டிக்கரைச் சுற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்க. கொடுக்கிறவர் பெயரை உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு எழுதணும். கல்யாண வீட்டுக் குவியலில் வெளிச்சீட்டு கிழிந்து போகும்.

இப்போது பள்ளி ஆண்டு விழாப் பரிசுகளைச் சுற்றித் தரச் சொல்லி எங்களிடம் கேட்கிறார்கள். ஆர்டர் எடுக்கிறவர்கள் தாள், டேப், ரிப்பன் மூன்றுக்கும் ஆன செலவைப் பொருள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி, உங்கள் கூலியையும் சேர்த்த பிறகே விலை சொல்லுங்க. முதல் ஆர்டரில் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் நாங்கள் ஒரு முழு நாள் சும்மா உழைத்தோம்.